முத்திரையிட்ட மடலும் பூட்டிய பேசியும்: தனிமனிதர் தொடர்பும் அரச அதிகாரமும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ளது சான் பேர்னாடினோ நகரம். 2015 ஆம் ஆண்டு டிசம்பர் 2 ஆம் திகதி, மாவட்ட நிருவாகத்தின் பொதுச் சுகாதாரத் திணைக்கள ஊழியர்கள் பயிற்சிக்கும் விருந்துக்குமாக அங்குக் கூடியிருந்த வேளையில், கணவனும் மனைவியுமான இருவர் துப்பாக்கிப் பிரயோகஞ் செய்து 14 பேரைக் கொன்றனர். மேலும் 22 பேர் காயமுற்றனர். கொலையாளிகள் இருவரும் அன்றே பொலிசாருடன் ஏற்பட்ட மோதலில் மாண்டனர். கணவன் அத்திணைக்களத்திலேயே பணியாற்றியவன். தொழிலின் பொருட்டுத் திணைக்களம் அவனுக்கு வழங்கியிருந்த, அப்பிள் கம்பனியின் ஐபோன் ஒன்று புலனாய்வாளர் கைக்குக் கிட்டியது. பேசி கையிலிருந்தது. அதனைச் சோதனையிட நீதிமன்ற ஆணை இருந்தது. உடைமையாளராகிய திணைக்களத்தின் சம்மதமும் இருந்தது. எனினும் அதனுள்ளே இருந்தவற்றைப் படிக்க இயலவில்லை.

அரசொன்றின் வரலாற்றில் இஃது ஒரு புதிய அனுபவமாகும். வீட்டுக் கதவை உடைக்கலாம். இரும்புப் பெட்டியை அறுக்கலாம். மடலின் முத்திரையை உருக்கிப் பிரிக்கலாம். பொருள் கைப்பட்ட பின்னரும் பொருளினுள் இருப்பது கைப்படாதிருத்தல் முன்னர் அருகியே நிகழ்ந்தது. இதனையொட்டி 2016 ஆம் ஆண்டில் எழுந்த வழக்கும் வாதமும் உலகின் கவனத்தை ஈர்த்தன. அவ்வாதத்தில் இருதரப்பினரும் வரலாற்றைத் துணைக்கழைத்தனர். நீதிமன்ற ஆணை செல்லாத இடமென ஒன்று என்றுமே இருந்ததில்லை என்றனர் அரச சார்பினர். தனிமனிதரின் அந்தரங்கத் தொடர்பு தொன்றுதொட்டுப் பேணப்பட்டு வந்த உரிமை என்றனர் மறுசாரார். இவ்விரு கூற்றுக்களும் வரலாற்றோடு முற்றாகப் பொருந்துவன அல்ல.

அரசு ஒற்றறிதல் புதியதன்று. ஒற்றாடலைத் திருக்குறள் அரசியலின் அங்கமாகக் கொண்டு தனி அதிகாரமே வகுத்துள்ளமை நாம் அறிந்ததே. ஆகவே அரசு தனிமனிதர் தொடர்பை அறிய முனைந்ததா என்பது பயனுள்ள வினாவன்று. எத்தகைய அதிகாரத்தைக் கொண்டு முனைந்தது, அவ்வதிகாரத்தின் தன்மை காலந்தோறும் எவ்வாறு மாறியது என்பனவே வினாக்கள். பிரித்தானியாவையும் ஐக்கிய அமெரிக்காவையும் களமாகக் கொண்டு அம்மாற்றத்தை இனங்காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பொது அஞ்சற் சேவையை மக்களின் வசதிக்காக எழுந்த நிறுவனமாக மட்டும் கருதுதல் பொருந்தாது. குரொம்வெல் ஆட்சிக் காலத்தில் 1657 இல் இயற்றப்பட்ட அஞ்சற் சட்டம், வணிகத்துக்கு அஞ்சல் பயன்படுவதைக் கூறிய அதே முகவுரையில், நாட்டுக்கு எதிரான ஆபத்தான சூழ்ச்சிகளைக் கண்டறிதற்கும் அது வாய்ப்பளிக்கும் என வெளிப்படையாகவே கூறியது. கடிதங்கள் யாவும் அரசின் கைவழிச் செல்லுமாயின் அவற்றை அரசு பார்த்தல் எளிது என்பதே அதன் உட்கிடை.

1711 ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு வரம்பு விதித்தது. அரசுச் செயலாளரின் எழுத்துமூல ஆணைப்பத்திரம் இன்றிக் கடிதங்களை அஞ்சல் ஊழியர் திறத்தலாகாது என அது விதித்தது. விதிவிலக்கின் வாயிலாகத் திறக்கும் அதிகாரமும் சட்டத்தில் இடம்பெற்றது. வெளிநாட்டுக் கடிதங்களைத் திறந்து பார்ப்பதற்கு அஞ்சலகத்தினுள்ளே இரகசிய அலுவலகம் ஒன்று இயங்கியது. இரகசியக் குறியீட்டில் எழுதப்பட்டவற்றை விடுவிப்பதற்குத் தனிப் பிரிவொன்றும் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அப்பிரிவின் பணியை ஏறத்தாழக் குடும்பத் தொழிலாகவே நடத்தியவர்கள் வில்ஸ் குடும்பத்தினர். அக்குடும்பத்து முதல்வரான எட்வர்ட் வில்ஸ் பாத் - வெல்ஸ் மறைமாவட்டத்தின் ஆயராகவும் விளங்கியவர் என்பது அக்கால அரச - திருச்சபை உறவைப் புலப்படுத்துகின்றது.

1840 இல் ஒரு பெனி கட்டணத்தில் நாடெங்கும் கடிதம் அனுப்பும் முறை நடைமுறைக்கு வந்தது. அதுவரை வசதிபடைத்தோரின் சாதனமாகவே பெரிதும் விளங்கிய கடிதம், பொதுமக்களின் அன்றாடப் பாவனைக்கு உரியதாயிற்று. இப்பின்னணியிலேயே 1844 ஆம் ஆண்டுச் சம்பவத்தை நாம் நோக்குதல் வேண்டும்.

பாரதியார் தம் கவிதை வாயிலாகத் தமிழ் மக்களுக்கு அறிமுகஞ் செய்துவைத்த இத்தாலிய விடுதலை வீரர் மாஜினி, அக்காலத்தில் இலண்டனில் அகதியாக வாழ்ந்தார். தமக்கு வரும் கடிதங்கள் பிரிக்கப்படுகின்றன என்று ஐயுற்ற அவர், கசகசா விதைகளையும் மணற் பொடிகளையும் உள்ளே வைத்துக் கடிதம் அனுப்புமாறு நண்பரிடம் கூறினார். கடிதங்கள் வந்தபொழுது அவை உள்ளே இருக்கவில்லை. 1844 யூன் 14 ஆம் திகதி பாராளுமன்ற உறுப்பினர் தோமஸ் டன்கொம்ப் இம்முறைப்பாட்டைப் பொதுமக்கள் சபையில் சமர்ப்பித்தார். உள்துறைச் செயலாளர் சேர் ஜேம்ஸ் கிரகம் விவரங்கூற மறுத்தார். ஆணைப்பத்திரம் வழங்கும் அதிகாரம் சட்டம் அளித்தது என்பதே அவரது விடையாயிற்று.

நாடு கொதிப்படைந்தது. அறிஞர் தோமஸ் கார்லைல் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதி மாஜினியின் நேர்மைக்குச் சான்று பகர்ந்தார். 'பஞ்ச்' என்ற அங்கத இதழ் கிரகமை எள்ளிச் சித்திரம் வெளியிட்டது. அவ்வாண்டு யூலை 25 ஆம் திகதி, மாஜினியோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த பண்டியேரா சகோதரர் இருவரும் தெற்கு இத்தாலியில் எழுச்சியொன்றுக்கு முயன்று மரண தண்டனைக்கு உள்ளாயினர். அவர்களது முடிவுக்கு இலண்டனில் திறக்கப்பட்ட கடிதங்கள் எவ்வளவு தூரம் காரணம் என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் மாஜினியின் கடிதங்களிற் கண்டவை ஒஸ்திரிய அரசுக்குத் தெரிவிக்கப்பட்டமை வெளிப்பட்டபொழுது, மக்கள் மனத்தில் இரண்டும் இணைந்தே பதிந்தன.

ஈருறுப்புச் சபைகளும் இரகசியக் குழுக்கள் அமைத்து விசாரித்தன. இரகசிய அலுவலகமும் குறியீடு விடுவிக்கும் பிரிவும் அவ்வாண்டிலேயே மூடப்பட்டன. ஆயின் ஆணைப்பத்திரத்தின் பேரிற் கடிதத்தைத் திறக்கும் அதிகாரம் சட்டத்திலிருந்து நீக்கப்படவில்லை. மக்கள் சீற்றம் முதன்மையாக அதிகாரத்தின் மீதன்று, அதனை மறைவாகப் பிரயோகித்தமை மீதே எழுந்தது எனலாம்.

இக்கட்டத்தில் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. 1711 ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது வந்து சேர்ந்த கடிதத்தைத் திறக்கும் அதிகாரம் மாத்திரமே. மெழுகு செய்பவன் எளிதில் உருகும் மெழுகையே விற்றல் வேண்டும் என்றோ, மக்கள் குறியீட்டில் எழுதலாகாது என்றோ அது பணிக்கவில்லை. குறியீட்டை விடுவித்தல் அரசு தன் செலவில், தன் திறமையால் செய்துகொள்ளவேண்டிய பணியாகவே இருந்தது.

3

ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்புக்கு 1791 இல் இணைக்கப்பட்ட நான்காம் திருத்தம், நியாயமற்ற சோதனைகளிலிருந்து மக்களின் உடலையும் வீட்டையும் ஆவணங்களையும் காத்தது. 1878 இல் வெளியான தீர்ப்பொன்றில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், அஞ்சலிற் செல்லும் முத்திரையிட்ட கடிதமும் வீட்டில் வைத்த கடிதத்துக்கு நிகரான காப்புடையது, ஆணைப்பத்திரமின்றித் திறத்தலாகாது எனக் கூறியது. மடல் வீட்டை விட்டு நீங்கினும் வீட்டின் காப்பு அதனைப் பின்தொடர்ந்தது.

தொலைபேசி வந்தபொழுது இக்கோட்பாடு தடுமாறியது. மதுவிலக்குக் காலத்தில் மது கடத்திய ஒல்ம்ஸ்ரெட் என்பவரின் வழக்கில், வீட்டினுள் நுழையாமல் வெளியே கம்பியில் ஒட்டுக்கேட்டல் சோதனையாகாது என 1928 இல் உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வராகத் தீர்த்தது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதியரசர் பிரண்டைஸ், அறிவியல் வளர வளர அரசு எதனையும் தொடாமலே எல்லாவற்றையும் அறியவல்லதாகும் என எச்சரித்தார். கேற்ஸ் என்பவரின் வழக்கில் 1967 இல் நீதிமன்றம் தன் நிலையை மாற்றிக் கொண்டது. அடுத்த ஆண்டே ஒட்டுக்கேட்டலுக்கு நீதிமன்ற ஆணையை வேண்டும் சட்டமும் நிறைவேறிற்று.

இக்காலத்தில் அரசுக்கும் தனிமனிதனுக்கும் இடையே மூன்றாவது தரப்பொன்று தோன்றியது. அமெரிக்கத் தொலைபேசி, அஞ்சலைப் போன்று அரசின் நிறுவனமன்று. தனியார் கம்பனியின் உடைமை. அரசு ஒட்டுக்கேட்க விரும்பின் கம்பனி உதவுதல் வேண்டும். நியூயோர்க் தொலைபேசிக் கம்பனி தொடர்பான 1977 ஆம் ஆண்டு வழக்கில், எந்த எண்களுக்கு அழைப்பு எடுக்கப்படுகின்றது என்பதைப் பதியும் கருவியைப் பொருத்த உதவுமாறு கம்பனியைப் பணிக்கலாம் என உயர் நீதிமன்றம் தீர்த்தது. அதற்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்டது, நீதிமன்றங்கள் தம் கடமைக்கு வேண்டிய கட்டளைகளைப் பிறப்பிக்கலாம் எனப் பொதுப்பட உரைக்கும் 1789 ஆம் ஆண்டுச் சட்டமாகும். நாற்பது ஆண்டுகளின் பின்னர் ஐபோன் வழக்கில் அரசு எடுத்தாண்டதும் இதே சட்டத்தையே.

1994 இல் அமெரிக்கக் கொங்கிரஸ் மேலும் ஒருபடி சென்றது. தொலைபேசிக் கம்பனிகள் தம் வலையமைப்பை ஒட்டுக்கேட்டலுக்கு வசதியாகவே அமைத்தல் வேண்டும் என்று அவ்வாண்டுச் சட்டம் விதித்தது. எனினும் பாவனையாளர் தாமே மறைகுறியாக்கிய செய்தியை விடுவித்துத் தரும் பொறுப்பு, அம்மறைகுறியாக்கத்தைக் கம்பனியே வழங்கி அதற்கு வேண்டிய தகவலையும் கொண்டிருந்தாலன்றிக் கம்பனிக்கு இல்லை என்றும் அச்சட்டம் கூறியது. திறத்தல் என்பது அமைத்தலாக மாறத் தொடங்கிய இடம் இதுவே.

4

செய்தியைக் குறியீடாக்கும் கலை நெடுங்காலமாகப் படையினரதும் தூதரகங்களதும் உடைமையாகவே இருந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்கூற்றில் வங்கிகளும் வணிகமும் கணினி வழித் தொடர்பை நாடியமை இந்நிலையை மாற்றியது. வணிகத் தேவைக்கென ஐக்கிய அமெரிக்க அரசு 1977 இல் நியம மறைகுறி முறையொன்றை ஏற்றுக்கொண்டது. ஐ.பி.எம். கம்பனி உருவாக்கிய அம்முறையின் திறவுகோல் 56 துகள் நீளமுடையது. அந்நீளம் வேண்டுமென்றே குறைக்கப்பட்டது என அக்காலத்திலேயே கணித அறிஞர் குறைகூறினர்.

அதற்கு முந்திய ஆண்டு, 1976 இல், விற்பீல்ட் டிவி, மாட்டின் ஹெல்மன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடித்தளத்தையே மாற்றியது. அதுவரை மறைவாகப் பேச விரும்பும் இருவர் முன்கூட்டியே ஒரு திறவுகோலை இரகசியமாகப் பகிர்ந்திருத்தல் வேண்டும். முன்பின் அறியாத இருவர், பிறர் கேட்டுக்கொண்டிருக்கும் வெளியிலேயே கணித முறையால் பொது இரகசியம் ஒன்றை உருவாக்கிக் கொள்ளலாம் என்பதை இவர்கள் நிறுவினர். இதனையொத்த உண்மைகளை பிரித்தானிய அரசின் குறியீட்டு நிலையத்தைச் சேர்ந்த மூவர் 1970 தொடக்கம் 1974 வரையான ஆண்டுகளிலேயே கண்டிருந்தனர் என்பது 1997 இற்றான் வெளிப்பட்டது. அரசு கண்டது பெட்டகத்தில் உறங்கிற்று. பல்கலைக்கழகம் கண்டது உலகின் பொதுவுடைமையாயிற்று.

பில் சிம்மர்மன் என்பவர் 1991 இல் சாதாரண கணினியில் இயங்கும் மறைகுறியாக்க மென்பொருள் ஒன்றை வெளியிட்டார். வன்மை மிக்க மறைகுறி முறைகளை அக்காலத்து அமெரிக்க ஏற்றுமதிச் சட்டம் போர்க்கருவிகளோடு சேர்த்து எண்ணியது. ஆகவே அவர் மீது குற்றவியல் விசாரணை தொடங்கி 1996 சனவரி வரை நீடித்து, வழக்கின்றியே கைவிடப்பட்டது. இதற்கிடையே 1995 இல் அம்மென்பொருளின் மூலநிரலை நூலாக அச்சிட்டு மசாசூசற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் பதிப்பகம் வெளியிட்டது. கணினித் தட்டிற் சென்றால் ஆயுதம், தாளிற் சென்றால் நூல் என்னும் முரண்பாடு இதனால் அம்பலமாயிற்று.

1993 ஏப்பிரலில் கிளின்ரன் அரசாங்கம் 'கிளிப்பர்' எனப்பட்ட சில்லு ஒன்றை அறிமுகஞ் செய்தது. தொலைபேசி உரையாடலை அது மறைகுறியாக்கும். ஆயின் ஒவ்வொரு சில்லினதும் திறவுகோல் இரு கூறாக்கப்பட்டு இரண்டு அரச அமைப்புக்களிடம் வைப்பிலிடப்படும். நீதிமன்ற ஆணை கிடைத்ததும் இரு கூறுகளும் பொருத்தப்படும். சட்டத்துக்கும் அந்தரங்கத்துக்கும் இடையே ஒரு சமரசமாக இது முன்வைக்கப்பட்டது. 1994 இல் மற் பிளேஸ் என்னும் ஆய்வாளர், அரசுக்கு வழிகாட்டும் பகுதியைச் செயலிழக்கச் செய்துவிட்டு மறைகுறியாக்கத்தை மாத்திரம் பயன்படுத்தலாம் எனக் காட்டினார். மக்களும் அச்சில்லை விரும்பவில்லை. சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் ஏற்றுமதித் தடைகளும் பெருமளவு தளர்த்தப்பட்டன.

5

2007 இல் ஐபோன் வெளிவந்த பின்னர் ஒருவனுடைய கடிதம், நிழற்படம், வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு, சென்றுவந்த இடம் யாவும் சட்டைப்பையில் அடங்கும் ஒரு கருவியினுள் திரண்டன. கைதானவனின் பையில் இருந்த பொருளை ஆணையின்றிச் சோதிக்கும் பழைய விதி கைத்தொலைபேசிக்குப் பொருந்தாது என 2014 யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்த்ததற்குக் காரணமும் இத்திரட்சியே. அதே ஆண்டு செப்டெம்பரில், புதிய இயங்குதளத்தைக் கொண்ட ஐபோன்களைத் தானே திறக்க இயலாது என அப்பிள் அறிவித்தது. அமெரிக்க அரசின் பரந்த கண்காணிப்புப் பற்றி எட்வர்ட் ஸ்னோடன் 2013 இல் வெளிப்படுத்திய ஆவணங்களால் அமெரிக்கக் கம்பனிகளின் நற்பெயர் உலகச் சந்தையிற் குன்றியிருந்தமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. எவ்.பி.ஐ. எனப்படும் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகத்தின் தலைவர் ஜேம்ஸ் கோமி, தம் கண்கள் இருண்டு வருகின்றன என்ற பொருள்பட 2014 ஒக்டோபரிற் பேசினார்.

பூட்டின் இயல்பைச் சிறிது விளக்குதல் நன்று. பேசியிலுள்ள தரவுகளை விடுவிக்கும் திறவுகோல், பாவனையாளர் இடும் கடவு எண்ணையும் அப்பேசியின் சில்லினுள் பொறிக்கப்பட்ட தனித்த எண் ஒன்றையும் சேர்த்துப் பிறப்பிக்கப்படுவது. எனவே தரவைப் பிரதிசெய்து வேறு பெருங்கணினியில் இட்டு முயல்வது பயன்தராது, அப்பேசியிலேயே முயலவேண்டும். ஒருமுறை முயல ஏறத்தாழ 80 மில்லிசெக்கன் ஆகும். நான்கு இலக்கக் கடவு எண்ணுக்குரிய 10,000 சேர்க்கைகளையும் இவ்வேகத்தில் முயன்றுபார்க்கப் பதினான்கு நிமிடமும் ஆகாது. அதனைத் தடுப்பது மென்பொருளே. தவறுந்தோறும் அது காத்திருப்பு நேரத்தைக் கூட்டும். பத்துமுறை தவறின் திறவுகோலையே அழிக்குமாறும் அதனை அமைக்கலாம். அம்மென்பொருளை மாற்றலாமே எனின், அப்பிள் தன் இலத்திரனியல் ஒப்பத்தை இட்ட மென்பொருளையன்றிப் பிறிதொன்றைப் பேசி ஏற்காது. அரசு கம்பனியை நாட நேர்ந்தது இக்காரணத்தாலேயே.

2016 பெப்ரவரி 16 ஆம் திகதி சமஷ்டி நீதவான் ஷெரி பிம் வழங்கிய கட்டளை, காத்திருப்பையும் அழிப்பையும் நீக்கிய மென்பொருளொன்றை அப்பேசிக்கென ஆக்கி ஒப்பமிட்டுத் தருமாறு அப்பிளைப் பணித்தது. கம்பனியின் தலைவர் ரிம் குக் அன்றே பகிரங்க மடலொன்றில் மறுப்பை அறிவித்தார். ஆறு முதல் பத்துப் பொறியியலாளர் இரண்டு முதல் நான்கு வாரம் உழைத்தால் அதனை ஆக்கலாம் என்பதைக் கம்பனியே நீதிமன்றில் ஒப்புக்கொண்டது. ஆகவே பிணக்கு இயலுமா என்பது பற்றியதன்று. பணிக்கலாமா என்பது பற்றியதே.

இதில் இருதரப்பு நியாயத்தையும் எளிதில் ஒதுக்கிவிடல் தகாது. கொல்லப்பட்டோரின் உறவினர் சிலர், கொலையாளிகளுக்கு வேறு கூட்டாளிகள் இருந்தனரா என்பதை அறியும் உரிமை தமக்குண்டு எனக் கூறி அரசின் பக்கம் நின்றனர். அதே சம்பவத்தில் சுடப்பட்டு உயிர்தப்பிய பெண்ணொருவரின் கணவர், கம்பனியின் நிலையே சரியெனக் கூறி நீதவானுக்கு மடல் எழுதினார். ஒரே துயரம் இருவேறு முடிபுகளுக்கு இட்டுச் சென்றமை இப்பிரச்சினையின் கடுமையை உணர்த்தும்.

வழக்கு தீர்ப்பின்றியே முடிந்தது. மார்ச் 22 ஆம் திகதி விசாரணை நடைபெறவிருக்க, முதல் நாள் அரசு தவணை கேட்டது. 28 ஆம் திகதி, வெளியார் ஒருவரின் துணையோடு பேசி திறக்கப்பட்டதாகக் கூறி வழக்கை மீளப்பெற்றது. நீதி திணைக்களத்தின் பரிசோதகர் நாயகம் 2018 இல் வெளியிட்ட அறிக்கை, கம்பனியை நீதிமன்றுக்கு இழுக்கு முன்னர் பணியகம் தன் சொந்தப் பிரிவுகளினது ஆற்றலையே முற்றாக ஆராயவில்லை என்பதைப் புலப்படுத்தியது. திறக்கவியலாப் பேசிகள் என 2017 நிதியாண்டுக்குக் கூறப்பட்ட 7,775 என்னும் தொகையும் எண்ணற் பிழையால் மிகைப்பட்டது எனப் பணியகமே 2018 இல் ஒப்புக்கொண்டது. முன்னர், நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் வேறொரு வழக்கை விசாரித்த நீதவான் ஜேம்ஸ் ஓரன்ஸ்ரைன், கொங்கிரஸ் வழங்க முன்வராத அதிகாரத்தை 1789 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நீதிமன்றம் வருவித்தல் இயலாது என 2016 பெப்ரவரி 29 ஆம் திகதி தீர்த்திருந்தார்.

6

மேற்போந்த வரலாற்றில் மூன்று படிகள் தெளிவாகின்றன. முதற்படியில் அரசு தன் கையிற் செல்லும் மடலைத் திறந்தது. இரண்டாம் படியில் தொடர்பை நடத்தும் கம்பனியின் உதவியைப் பெற்று ஒட்டுக்கேட்டது. மூன்றாம் படியில் கருவியைச் செய்வோனை நோக்கி, பூட்டின் வலுவைக் குறைக்கும் வழியொன்றை ஆக்கித் தருமாறு கேட்கின்றது. முதல் இரண்டும் குறித்த ஒருவரின் மீது பிரயோகிக்கப்பட்ட அதிகாரங்கள். மூன்றாவது, ஒருவரின் பொருட்டுக் கேட்கப்படினும், அதே பூட்டைப் பாவிக்கும் அனைவரையும் பற்றும் அதிகாரமாகும். இதனைப் பழைய ஆணைப்பத்திரத்தின் தொடர்ச்சியென மாத்திரம் கொள்ளுதல் வரலாற்றுக்குப் புறம்பாகும்.

அரசுக்கென அமைத்த வாயில் அரசுக்கு மாத்திரம் உரியதாய் நில்லாது என்பதற்குச் சான்றுகள் உள. கிரேக்க நாட்டின் வொடபோன் வலையமைப்பில் சட்டபூர்வ ஒட்டுக்கேட்டலுக்கென இருந்த வசதியை இனந்தெரியாதோர் கைப்பற்றி, 2004 - 2005 காலப்பகுதியில் பிரதமர் கரமன்லிஸ் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோரின் பேசிகளை ஒட்டுக்கேட்டனர். 2024 இல், சீன அரசோடு தொடர்புடையோர் எனக் கூறப்படும் ஊடுருவிகள் அமெரிக்கத் தொலைத்தொடர்புக் கம்பனிகளுள் புகுந்து, நீதிமன்றக் கட்டளைகளின்படி அரசு கோரிய தகவல்கள் சிலவற்றையும் பிரதிசெய்தமை வெளிப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகவரகம், இலக்காகக்கூடிய உயர் பதவியினரை முழுமையான மறைகுறியாக்கம் உடைய செய்திச் சேவைகளையே பாவிக்குமாறு அறிவுறுத்தியது. எட்டு ஆண்டுகளுக்கு முன் தன் பணியகம் வழக்காடி எதிர்த்த வகைக் காப்பை அரசே தன் உத்தியோகத்தருக்குப் பரிந்துரைக்க நேர்ந்தது.

இதனாற் கம்பனியை மக்களுரிமைக் காவலன் எனக் கொள்ளுதலும் தவறாகும். கலிபோர்னியாவில் நீதிமன்றக் கட்டளையை எதிர்த்த அதே கம்பனி, 2018 முதல் சீனப் பாவனையாளரின் தரவுக் களஞ்சியத்தைக் குய்சோ மாகாண அரச நிறுவனம் ஒன்றின் பொறுப்பில் வைக்க இணங்கியது. சந்தையின் நலன் எங்கு எவ்வாறோ, கொள்கையும் அங்கு அவ்வாறே. வணிகப் பொருளாக விற்கப்படும் அந்தரங்கம், விலை மாறும்பொழுது விட்டுக்கொடுக்கப்படும் அந்தரங்கமுமாகும்.

அரசின் இழப்பு முற்றிலும் கற்பனையன்று. பூட்டிய பேசிகளாற் கொலை, சிறுவர் துர்ப்பிரயோகம் முதலாய குற்ற விசாரணைகள் தடைப்படுகின்றன என நியூயோர்க்கின் மன்ஹற்றன் பகுதி வழக்குத்தொடுநர் பன்முறை முறையிட்டதைப் புறந்தள்ள முடியாது. ஆயின் மறுபுறம், யார் யாரோடு எப்பொழுது பேசினார், எங்குச் சென்றார் என்பன இன்று பதிவாவது போல் முன்னெக்காலத்திலும் பதிவானதில்லை. இவ்விடப் பதிவுகளை நீண்ட காலத்துக்குப் பெறுதற்கும் ஆணைப்பத்திரம் வேண்டும் என 2018 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் விதிக்க நேர்ந்தமையே அவற்றின் ஆற்றலுக்குச் சான்றாகும். ஒரு கண் மங்கினும் பல கண்கள் திறந்துள்ளன.

7

இவ்வரலாறு இறுதியில் தொடங்கிய இடத்துக்கே திரும்புகின்றது. பிரித்தானியப் பாராளுமன்றம் 2016 இல் நிறைவேற்றிய புலனாய்வு அதிகாரச் சட்டம், தொடர்புச் சேவை வழங்குவோர் தம் அமைப்பில் இன்ன ஆற்றலை வைத்திருத்தல் வேண்டும் எனப் பணிக்கும் அறிவித்தல்களை இரகசியமாக வழங்க உள்துறைச் செயலாளருக்கு இடமளித்தது. அத்தகைய அறிவித்தலைப் பெற்றவர் தாம் பெற்றதையே வெளியிடலாகாது. கம்பனியும் திறக்க முடியாதவாறு களஞ்சியத் தரவைக் காக்கும் வசதி தொடர்பில் அப்பிளுக்கு அவ்வாறான அறிவித்தல் வழங்கப்பட்டதென 2025 பெப்ரவரியில் பத்திரிகைகள் வெளிப்படுத்தின. அம்மாதத்திலேயே கம்பனி அவ்வசதியைப் பிரித்தானியாவில் மீளப்பெற்றது. உள்துறை அமைச்சு உண்டென்றும் கூறவில்லை, இல்லையென்றும் கூறவில்லை. கம்பனி தொடுத்த வழக்கின் அடிப்படை விவரங்களையும் மறைக்குமாறு அரசு வேண்டியதை ஏப்பிரலில் நியாயசபை நிராகரித்தது. அறிவித்தலைக் கைவிடப் பிரித்தானியா இணங்கியதாக ஓகஸ்டில் அமெரிக்க தேசியப் புலனாய்வுப் பணிப்பாளர் அறிவித்தார். பிரித்தானியரின் தரவுக்கு மட்டுப்படுத்திய புதிய அறிவித்தல் வழங்கப்பட்டதாக ஒக்டோபரிற் செய்திகள் வெளியாயின.

1844 இல் உள்துறைச் செயலாளர் பேச மறுத்தார். 2025 இல் உள்துறை அமைச்சு பேச மறுத்தது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. மாஜினியின் மடலிற் கசகசா விதைகள் இல்லாது போயின. திறத்தல் தடயமொன்றை விட்டுச் சென்றது. அத்தடயத்தைப் பற்றிக்கொண்டே பாராளுமன்றம் விசாரிக்க முடிந்தது. பூட்டே செய்யும்பொழுது தளர்த்தப்படின் அத்தகைய விதை எதுவும் உதிராது. எவர் எப்பொழுது திறந்தார் என்பதை உடைமையாளர் அறியார், மன்றம் அறியாது, சில வேளை அரசும் அறியாது. மடலைத் திறக்கும் அதிகாரம் மக்களாட்சிக்கு முற்றாக ஒவ்வாதது எனக் கூறுதற்கில்லை. அது விசாரணைக்கு உட்படக்கூடியதாய் இருந்தது. பூட்டைப் பொதுவிற் பலவீனமாக்கும் அதிகாரம் அத்தகைய விசாரணைக்கு இடமளிப்பதன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டும் வாதத்தை ஏற்பதற்கு முன்னர், அவை வரலாற்றில் வெவ்வேறாகப் பிறந்தவை என்பதை உணர்தல் அவசியமாகும்.